வயோலா என்று சரியாகச் சொன்னேன்

அக்கரப்பத்தனை
12.03.1979

அன்பு மகன் டக்ளசுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் அப்பாவும் தங்கச்சி தெரேசாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. கொழும்பில் நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாவிட்டால் அடுத்த தவணையிலிருந்து பிள்ளைகளுக்கு வயோலா சொல்லிக் கொடுக்க வர வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள், கச்சேரிக் குழுவிலும் உன் நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டிலாவது உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லையடா மகனே. அதற்கு என் வாய்தான் காரணம். மூன்று வருசத்துக்கு முன்னால் தோட்டத்துக் கிளாக்கர் செல்லசாமி இந்தியாவுக்குப் போகிற மனுவுக்குக் குடும்ப விபரம் எழுத நம் லயத்து வீட்டுக்கு வந்தபோது, மூத்தவன் கொழும்பில் என்ன செய்கிறான் என்று கேட்டார். பிடில் என்று சொல்லியிருந்தால் தோட்டத்து நாய்க்கும் விளங்கியிருக்கும். நீதான் லீவுக்கு வரும்போதெல்லாம், பிடில் இல்லம்மா, இது அதைவிடப் பெருசு, வயோலான்னு சொல்லுங்க என்று திருத்துவாயே. அந்தப் பெருமையில், எம் மவன் வயோலா வாசிக்கிறான்ங்க என்று சரியாகச் சொன்னேன். அந்த மனுசன் வயோலாவுடன் வசிக்கிறார் என்று எழுதி வைத்துவிட்டார். நம் கோயிலிலேயே வயோலா என்று இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அவரை எப்படித் திட்டுவது. பெண்சாதி வந்தவன் தனிக் குடும்பம் என்று உன்னை எங்கள் பைலில் இருந்து எடுத்துவிட்டார்கள். தனியாக மனுப்போடும் நாளும் போய்விட்டது.

இதெல்லாம் போன செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் கொடுக்க ஹட்டனுக்குக் கூப்பிட்டபோதுதான் தெரியும். இக்னேசியஸ், மரியநாயகி, தெரேசா என்று வாசித்து நிறுத்தினார்கள். அப்பா பதறிப்போய்க் கேட்டதற்குத்தான் அந்த வரியைக் காட்டினார்கள். ஆபிசர் நல்ல மாதிரித்தான் பேசினார், பெயரைச் சேர்க்கணும்னா பைல் திரும்பப் போகும், மூணு பேரும் நிக்கணும், எத்தனை வருசமாகும்னு எனக்கே தெரியாது என்றார். நாங்கள் எங்கே நிற்பது. தோட்டத்தில் பேர் வெட்டியாகிவிட்டது, வேலை இல்லை, லயத்துக் காம்பராவைப் பேச்சியம்மா குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் எல்லாரும் இதில் இருக்காங்களா என்று கடைசியாக ஒரு தரம் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். நான்தான் அவர் கையை அழுத்திப் பிடித்து, இருக்காங்க ஐயா, ஒரே மகதான் என்று சொன்னேன். அப்பா கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. தெரேசாவும் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன்னை எந்த நாட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை மகனே.

அடுத்த மாதம் நான்காம் தேதி காலைக் கோச்சியில் நானுஓயா ஸ்டேசனில் ஏறுகிறோம், தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல். முதல் நாளே வந்துவிடு, அழகுமுத்து மாமா வீட்டில் தங்கு. ஸ்வெட்டர் கொண்டு வா, இங்கே குளிர் விடவில்லை. வேலை போனாலும் வாத்தியத்தை விற்றுவிடாதே. மாதா உனக்குத் துணையிருப்பாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கோச்சியில் கூட வரும் ஆபிசர்மார் ஸ்டேசனிலேயே ஆள் பார்ப்பார்களாம், மகன் ஒருவன் இருப்பது தெரிந்தால் மூன்று பேரையும் இறக்கிவிடுவார்களாம். கிட்ட வந்து நில், தெரிந்தவன் மாதிரி இரண்டு வார்த்தை பேசு. அம்மா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
மரியநாயகி