வயிறு வாசித்த செய்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒலிப்பதிவு இரண்டு முறை நின்றது. நிறுத்தியது நானில்லை, காது. ஒலிப்பதிவாளனுக்கு வானொலி நிலையத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. பக்கத்து அறையில் பேனா விழுந்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கிவிடுவான்.

"அக்கா, நாற்காலிய நகத்துனீங்களா?"

இல்லை என்றேன்.

"மேஜையில முழங்கை பட்டுச்சா?"

அதுவும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். "அப்ப அது நீங்கதான்க்கா."

ஓட்டிக் காட்டினான். விளையாட்டுச் செய்தி முடிந்து வானிலைக்கு நான் மூச்சு இழுத்த இடைவெளியில் என் வயிறு தன் பங்குக்கு எதையோ வாசித்திருக்கிறது. எண்ணெய் காணாத கதவைத் திறக்கிற மாதிரி இருக்கிறது என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் அதை வெட்டி எடுத்தான். சிரித்து முடிப்பதற்குள் நான் கழிவறைக்கு ஓடவேண்டி வந்தது.

மார்ச் 6, வியாழன்

மத்தியானத்துக்கு மேல் வயிறு உப்பிக்கொள்கிறது. இடுப்புப் பட்டனைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்கிறேன். வானொலி என்பதால் மானம் தப்புகிறது.

எப்போது ஆரம்பித்தது? குளிர்காலத்தில் ஜலதோஷம் பிடித்துக் குரல் கட்டிக்கொண்டதே, அதற்குப் பிறகு. குரல் திரும்பி வந்துவிட்டது. வயிறு வரவில்லை.

செய்தி ஆசிரியர் இன்று கூப்பிட்டுப் பேசினார். காலைச் செய்தி வாசிக்கும் மூத்தவர் ஏப்ரலோடு ஓய்வு பெறுகிறார். "அந்த எடத்துக்கு உன்னைத்தாம்மா நெனச்சிருக்கேன். ஆனா லைவ்ல வெட்ட முடியாது, தெரியும்ல?" காது அவரிடம் சொல்லியிருக்க மாட்டான். வெட்டாத பதிவைக் கேட்டிருப்பார்.

இத்தனை வருடமாகப் பதிவுச் செய்தி, விளம்பரம், சந்தை நிலவரம். நேரலை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. 'கிடைத்தால் பார்க்கலாம்' என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே எழுதுவதற்கு என்ன. எனக்கு அது வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

டாக்டர் ரத்தம் எடுத்தார், வயிற்றைத் தட்டினார், அழுத்தினார். பெரிதாக ஒன்றும் இல்லையாம்.

"ஏதோ ஒண்ணு உங்களுக்கு ஒத்துக்கல. என்னங்கிறத நீங்கதான் கண்டுபிடிக்கணும். சாப்பிடுறத எல்லாம் எழுதி வைங்க. சந்தேகப்படுறத ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க, மொதல்ல பால்." அப்புறம், "புதுசா எதாவது சாப்பிட ஆரம்பிச்சீங்களா?"

யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். அப்படியானால் குற்றவாளி பழைய ஆள்தான்.

மார்ச் 12, புதன்

பால் இல்லாத டீ. இதை எதற்குக் குடிப்பது என்று இருக்கிறது.

மாமா, அதாவது என் வீட்டுக்காரருடைய அப்பா, நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க காலத்துல வயித்துக்கிட்ட ஒனக்கு எது ஒத்துக்கும்னு கேட்டுக்கிட்டா போட்டோம்? போட்டோம், அது வேலையப் பாத்துச்சு."

"என்னோடது அதிகாரி வயிறு மாமா. அனுமதி வாங்கணும்."

மார்ச் 15, சனி

விடுமுறை. வயிறு வாய் திறக்கவில்லை. குற்றவாளி பால் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.

மார்ச் 17, திங்கள்

நம்பத்தகுந்த வட்டாரங்களை நம்பியது தப்பு.

இன்று நீளமான வாசிப்பு. தொண்டை வறண்டு, நடுநடுவே மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒப்பேற்றினேன். நான்கு மணிக்குக் கதவுச் சத்தம். அப்புறம் ஓட்டம். ஒரு சொட்டுப் பால் உள்ளே போகவில்லை, சத்தியமாக.

வீட்டுக்கு வந்ததும் பெரிய டம்ளர் நிறையப் பால் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாவம், அதன் மேல் வீண்பழி.

மார்ச் 20, வியாழன்

ரொட்டி நிறுத்தம். கோதுமை எந்த வடிவத்திலும் வீட்டுக்குள் வரக்கூடாது. வெங்காயமும் வேண்டாம் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அதையும் தூக்கிவிட்டேன். பருப்பு விசாரணையில் இருக்கிறது.

இவர் அடுப்பு முன்னால் கரண்டியோடு நின்றார். "இப்ப எதைத்தான் சாப்பிடுவ? சொல்லு, அத மட்டும் செய்யறேன்."

"சோறு, உப்பு."

"தொட்டுக்க?"

"உங்க அன்பு."

"அதுல வெங்காயம் இருக்கே," என்றார் மனுஷன், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

மார்ச் 23, ஞாயிறு

சனியும் ஞாயிறும் சுகம். பருப்பைக்கூடச் சோதித்துவிட்டேன். இரண்டு கரண்டி. அமைதி.

மார்ச் 24, திங்கள்

மறுபடியும். இன்று வெறும் சோறும் வேகவைத்த கேரட்டும்தான் சாப்பிட்டேன். கேரட்டா? கேரட் யாரை என்ன செய்யும்?

ராத்திரி இவர் துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம ஒனக்கு எல்லாம் ஒத்துக்குது. திங்கக்கெழம எதுவும் ஒத்துக்கல. அப்ப ஒத்துக்காதது சாப்பாடு இல்லியோ..." வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம் தொழில்முறையில் எனக்குப் பிடிக்காது. தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒத்திகை. நேரலை மாதிரியே நிறுத்தாமல், வெட்டாமல் முழு அறிக்கை. கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர், பக்கத்தில் காது.

உச்சரிப்பு சுத்தம். வேகம் சரி. தொண்டை கைவிட்டுவிடக்கூடாது என்று காலையிலிருந்தே வெந்நீரும் மிட்டாயுமாக அதைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது செய்தி, ஆற்றுப் பாலம் மூடப்பட்டது பற்றி. 'பொதுமக்கள்' என்று சொல்லி நான் நிறுத்திய இடத்தில் வயிறு பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்பு விடுத்தது. நீளமான அறிவிப்பு. காது கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

முடிந்ததும் ஆசிரியர் உள்ளே வந்தார். அதட்டியிருந்தால் தேவலை. "பயமா இருந்தா சொல்லிடும்மா. தப்பே இல்ல. லைவ் எல்லாருக்கும் ஒத்துக்காது."

ஒத்துக்காதாம். டாக்டர் சொன்ன அதே சொல்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றேன். சொல்லிவிட்டு நடக்க வேண்டிய நேரத்தில் ஓடினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒருவேளை பயம்தானோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

பயம் என்றால் எனக்குத் தெரிய வேண்டாமா? வயிற்றுக்கு மட்டும் தனியாகத் தந்தி வருமா? மைக் முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கை வியர்ப்பதில்லை, நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. வீட்டில் இருப்பதைவிட அந்தச் சின்ன அறையில்தான் நிம்மதி.

ஆனால் வேலை நாளில் மட்டும் வருகிறது. விடுமுறையில் வருவதில்லை. செய்தி இவ்வளவுதான். இதை வேறு எப்படி வாசிப்பது?

ஏப்ரல் 11, வெள்ளி

திங்கட்கிழமை ஆசிரியரிடம் சொல்லிவிடப் போகிறேன். காலைச் செய்தி எனக்கு வேண்டாம், எனக்குப் பின்னால் சேர்ந்த சின்னவளுக்கே கொடுங்கள் என்று. அவள் நன்றாகத்தான் வாசிக்கிறாள். 'ழ' மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு லைவ் ஒத்து வராது சார்." குரல் நிதானமாகத்தான் இருந்தது. மறுபடி ஒரு தடவை சொன்னேன், அப்ப முடியல. ஆசப்பட்டேன், அவ்ளோதான். ஆசப்படக்கூடாதா நானு? எதையெல்லாம் நிறுத்தினேன், பால், ரொட்டி, வெங்காயம்... கடைசியில நிறுத்த வேண்டியது இதுவா?

அழல. கண்ணு எரிஞ்சுது. வெங்காயம்கூட இல்ல வீட்ல.

ஏப்ரல் 13, ஞாயிறு

நிதானமாக, நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும்.

காலையில் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமா. திறந்தது, வெளியே வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கல்லைத் தின்றாலும் கரைக்கிற மனுஷர் அவர். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே காவல் நின்றார்.

ஒருவழியாக வந்தவரிடம் கேட்டேன். "என்ன மாமா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. இருமலுன்னு ராத்திரி கஞ்சிதான."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லன்னா நம்பணும்." வயிற்றில் கை வைத்துக்கொண்டார். கதவுச் சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த அதே கதவு. "இது என்ன, ஒன்னோடது எனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"யோசிச்சுப் பாருங்க மாமா. நேத்துப் பூரா. எதாவது."

"சாப்பிடலங்கிறேன்ல. இருமல் விட மாட்டேங்குதேன்னு ஒன் பையில இருந்த அந்த மிட்டாயத்தான் சப்பிக்கிட்டு இருந்தேன். டப்பா காலி, வேற வாங்கித் தரச் சொல்லு அவன."

"அப்ப அதச் சாப்பிட்டீங்கல்ல?"

"சப்புறது சாப்பிடுறதாம்மா?" என்றார் மாமா, கோபமாக.

இத்தனை நாளும் நானும் அந்தக் கட்சிதான். சோறு எழுதினேன், கேரட் எழுதினேன். டீ குடிப்பதுதான், அதையும் எழுதினேன். வாயில் ஒதுக்கிக்கொள்வதை எழுதவில்லை. அது தொண்டைக்கு. அதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஜலதோஷம் வந்தபோது ஆரம்பித்த பழக்கம். பல் டாக்டர் இனிப்பு ஆகாது என்றதால், சர்க்கரை இல்லாததாக இவர்தான் தேடித்தேடி வாங்கி வருகிறார். வாசிக்கிற நாளில் ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டே இருப்பேன். வாசிக்காத நாளில் தொடுவதில்லை. சனி, ஞாயிறு!

காலி டப்பாவை எடுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'சர்க்கரை இல்லை'. பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி, 'அதிகமாக உட்கொண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்'. செய்தி வாசிக்கிற குரலிலேயே உரக்க வாசித்தேன். ஊரில் இருக்கிற செய்தியை எல்லாம் வாசிக்கிறேன், பைக்குள் இருந்ததை வாசிக்கவில்லை.

இவர் துண்டை இறக்கிவிட்டு முழிக்கிறார். "நான் வாங்கிக் குடுத்ததா?"

"நீங்கதான். தேடித்தேடி."

மாமா திரும்ப உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

ஆசிரியரிடம் சொல்லவில்லை. இன்னொரு ஒத்திகை கேட்டேன். "எதுக்கும்மா ஒடம்பப் போட்டு வருத்திக்கிற?" என்றார். அடுத்த வாரம் என்று ஒப்புக்கொண்டார்.

டாக்டரிடம் போனில் பேசினேன். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற இனிப்பு சிலருக்குக் கொஞ்சம் போனாலே ஒத்துக்கொள்ளாதாம். "புதுசா எதாவதுன்னு அன்னிக்கே கேட்டேனே?" சாப்பிடுவதைத்தானே கேட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மிட்டாய் இல்லை, வெந்நீர் மட்டும். தொண்டை கரகரக்கிறது. வயிறு சமர்த்து.

காது கண்ணாடியைத் தட்டி, "அக்கா, கதவு எங்க?" என்றான்.

"எண்ணெய் போட்டாச்சு."

ஏப்ரல் 19, சனி

உறுதிசெய்யாமல் செய்தி வாசிக்கக்கூடாது. அதனால் புது டப்பா வாங்கி, விடுமுறை நாளில், வீட்டில் சும்மா உட்கார்ந்துகொண்டு, வேலை நாளில் போடுகிற மாதிரியே போட்டுக்கொண்டேன். மைக் இல்லை. ஆசிரியர் இல்லை. பயப்பட ஒரு பூனைகூட இல்லை.

சாயங்காலம் வயிறு உப்பியது. கதவு திறந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியதே இல்லை.

வெளியிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "என்னம்மா, அதுதானா?"

"அதேதான் மாமா!"

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டாவது ஒத்திகை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் என் குரல் மட்டும்.

"பயம் போயிடுச்சாம்மா?" என்றார் ஆசிரியர்.

"பயம் இல்ல சார், மிட்டாய்."

புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்து, மே முதல் திங்கள் என்றார். விவரத்தை, என்னிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட காது சொல்லிவிடுவான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெங்காயம் வாங்கினோம். ரொட்டியும். இவர் கேட்காமலே மிட்டாய் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, ஏதோ கொலை செய்துவிட்ட மாதிரி கை கழுவினார்.

மே 5, திங்கள்

நேரலை.

சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் காகிதம் ஆடியது. காற்று என்று நினைத்தேன். அந்த அறையில் காற்று ஏது? என் கை. உள்ளங்கை ஈரம். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் என் காதுக்குள் கேட்டது. பயம் என்றால் இதுதானா? இத்தனை நாள் எனக்குப் பயம் என்றார்களே, அவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்காது. எனக்கே தெரியாது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது.

விளக்கு எரிந்தது. வாசித்தேன். இரண்டாவது செய்தியில் ஒரு இருமல், ஒரு 'மன்னிக்கவும்'. மற்றபடி கரை சேர்ந்தேன்.

வெளியே வந்தேன். காது தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்தான்.

"பயமா இருந்துச்சாக்கா?"

"ரொம்ப."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றான்.