மாப்ள, உன் குரல் இறங்கிக்கொண்டிருக்கிறது

மாப்ள,

உன் லேப்டாப் சூடேறினால் தூசி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வருமே, அது இப்போது உன் ஸ்டுடியோ முழுக்க அடிக்கிறது. ஓட்டிக்கொண்டிருப்பது நான்தான். மொரப்பூரில் பைத்தானில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவன் போய்விட்டான். உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். மறுத்துப் பேச நீ வரவா போகிறாய்?

நீ வீடியோ எடுத்த கல்யாணம், ஞானஸ்நானம், வத்தல்மலைத் திருவிழா எல்லாவற்றையும் எடுத்தது எடுத்தபடி வெளிநாட்டில் ஒரு சர்வரில் ஏற்றி வைத்திருந்தாய். அந்தக் கம்பெனி கடையை மூடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் அழிந்துவிடும். ஊரார் கையில் இருக்கும் சி.டி.யில் நீ பாட்டைச் சேர்த்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து பேசிய உன் குரலை எடுத்துவிட்டாய். உன்னைக் கொண்டுபோன விபத்தில் உன் போனும் நொறுங்கிப் போனது.

உன் வீட்டுக்காரி நேற்று வந்து நின்றாள். "போட்டோ இருக்குதுங்கண்ணா. அவரு பேசறது பாப்பாவுக்கு வேணும்" என்றாள்.

"நீ வூட்டுக்குப் போ தங்கச்சி. பெங்களூரு இன்ஜினியருங்களே எங்கிட்ட கேட்டுத்தான் வேல பாக்கறாங்க" என்றேன்.

ஃபைல்களை இறக்க நீ எழுதி வைத்திருந்த பழைய ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். அது ஒரு ஃபைலைக் கேட்கும். அது முழுதாக இறங்கும்வரை கைகட்டி நிற்கும். பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். இப்படிப் போனால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். முன்பு இதே நாற்காலியில் நீ எனக்குச் சொன்னாயே: "மாமா, ராகிய மில்லுல எறக்கிட்டு வாயப் பாத்துக்கிட்டா நிக்கறீங்க? அது அரையட்டும்னு டீக்கடைக்குப் போறீங்க இல்ல? அதேதான்." சரி என்று, ஒன்று இறங்கும்போதே அடுத்ததைக் கேட்கிற மாதிரி மாற்றி எழுதினேன். எட்டாம் வகுப்போடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

என் கைக்குப் பொறுமை ஏது? அத்தனை ஃபைலையும் ஒரே மூச்சில் கேட்டேன். சர்வர் என்னைத் துரத்திவிட்டது. காலை முழுக்க வாசலிலேயே நிறுத்தி வைத்தது. அப்போதுதான் நீ சொன்ன மீதி ஞாபகம் வந்தது: "ஊரு ராகி மொத்தத்தையும் நீங்களே எறக்குனா மில்லுக்காரரு கதவச் சாத்திடுவாரு மாமா."

ஒரு நேரத்தில் ஐந்துதான் என்று கட்டுப்பாடு வைத்தேன். ஒன்று முடிந்தால் ஒன்று உள்ளே. மதியத்துக்குப் பிறகு கதவு திறந்தது.

கேட்ட வரிசையில் வரவில்லை, சின்னது முந்திக்கொண்டது. அரூரில் ஏதோ கல்யாணம். மணமேடைக்கு முன்னால் பட்டு வேட்டியில் யாரோ ஒரு ராஜா நிற்கிறார் என்று பார்த்தால், நான். பின்னாலிருந்து நீ: "மாமா, கொஞ்சம் ஒதுங்குங்க. பொண்ணு மாப்பிள்ளய மறைக்கறீங்க." அப்புறம் உன் சிரிப்பு.

இன்று பாப்பாவோடு வந்து பக்கத்தில் நின்ற தங்கச்சி, "இன்னொருக்கா போடுங்கண்ணா" என்றாள். பாப்பா லேப்டாப் திரைக்குப் பின்னால் போய் உன்னைத் தேடினாள்.

இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. நடுவில் நெட் லைன் விட்டுவிட்டு வருகிறது. அறுந்த ஃபைலை மறுபடி கேட்கவும் எழுதிவிட்டேன். ஒதுங்கச் சொல்லி நீ எத்தனை தரம் சொன்னாலும் சரி மாப்ள, கடைசி ஃபைல் இறங்கும்வரை இந்த நாற்காலியை விட்டு எழமாட்டேன்.