கீதாவின் கல்

1999 ஜூலை 5, திங்கள்

விடியலிலிருந்து தூறல். வீட்டில் உருப்படியான குடை ஒன்றுதான். இந்த மாதம் முழுக்க எனக்கு இரண்டாம் ஷிப்ட், காலையில் சும்மா. பள்ளிக்கூட ஆட்டோவில் பதினோரு பிள்ளைகள். என் மகள் மது டிரைவர் பக்கத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டு. நடந்தால் பதினைந்து நிமிஷம். இனி நானே கூட்டிப் போவதாக முடிவு.

எதிர்வீட்டுச் செல்வியிடம், அவள் மகள் கீதாவையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். கார்மென்ட்ஸ் வேலைக்குக் கிளம்பும் அவசரம் அவளுக்கு. "ரோட்ட நம்ப முடியாதுண்ணா. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

ஜூலை 7, புதன்

மது, கீதா, மாடிவீட்டு நஸ்ரீன். பாதி வழியில் அழுகை. கால் வலி, பை கனம், "ஆட்டோவே நல்லா இருந்துச்சு". மதுதான் மோசம், மானம் போகிறது.

எங்கள் ஆஸ்டின் டவுன் நடைபாதையெல்லாம் சாக்கடை மேல் போட்ட கல்பலகை. சிலது ஆடும், மிதித்தால் 'டடக்'. ஒரு யோசனை. ஆளுக்கொரு கல். தன் கல் வந்ததும் அதன் மேல் குதிக்க வேண்டும். யார் கல் பெரிதாகச் சத்தம் போடுகிறதோ அவளுக்கு ஜெயம். அவ்வளவுதான், ஓட்டமாக வந்தார்கள். லதாவிடம் பெருமையடித்தேன். "ஆமா, பெரிய வாத்தியாரு" என்றாள். பெண்டாட்டியிடம் வேறென்ன கிடைக்கும்.

ஜூலை 12, திங்கள்

ஆட்டோவை மறந்தே போனார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமையும் நடக்கலாமா என்று கேட்டாளாம் கீதா. செல்வி இட்லி கொடுத்தனுப்பினாள்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சோப்பு, மதுவுக்கு ரெயின்கோட்.

டெய்லர் கடை முன்னால் கீதாவின் கல், மூலையில் விரிசல். வேறு கல் எடுத்துக்கொள் என்றேன். "என்னுதுதான் ரொம்ப சத்தம் அங்கிள்." விட்டுவிட்டேன்.

ஜூலை 15, வியாழன்

நேற்றெல்லாம் மழை. காலையில் கீதா குதித்தாள். கல் இரண்டாகப் போய் இடுப்புவரை சாக்கடையில். நான்தான் தூக்கினேன். இடது காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

வேலையிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள் செல்வி. சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் கீதா, "சும்மா நடந்துனு இருந்தேம்மா, கல்லு உடைஞ்சிருச்சு." என் பக்கம் பார்க்கவே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 17, சனி

சாப்பாடு இறங்கவில்லை. லதாவிடம் மட்டும் சொன்னேன். "இப்ப போய் சொன்னா கால் கூடிருமா?" என்கிறாள். தெருவே கார்ப்பரேஷனைத் திட்டுகிறது. நஸ்ரீன் அப்பா மனு எழுதிக்கொண்டு வந்தார். "நேர்ல பாத்தவர் நீங்கதான், மொதல் கையெழுத்து நீங்க போடுங்க." மனுவில், 'குழந்தை ஒழுங்காக நடந்து சென்றபோது'. பக்கத்தில் செல்வி. "அண்ணா மட்டும் இல்லன்னா எம்புள்ள உள்ளயே போயிருக்கும்."

போட்டேன். சீ.

ஜூலை 19, திங்கள்

வெயில். மது ஆட்டோவில். நானே ஏற்றிவிட்டேன், டிரைவர் பக்கத்தில்.

பன் வாங்கிக்கொண்டு கீதாவைப் பார்க்கப் போனேன். செல்வி லீவு. அவள் காபி போட உள்ளே போனதும் கீதா கிட்டே கூப்பிட்டாள்.

"கல்லு மேல குதிச்சத நான் யாருக்கும் சொல்லல அங்கிள். சொன்னா மறுபடி உங்ககூட அனுப்ப மாட்டாங்க."

காபி வந்தது. குடித்தேன்.