கடைசிச் சுற்றில் அண்ணி

ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முதுகுவலி மட்டும் என்னைவிட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது. குரல் செய்தி இரண்டு அனுப்பினேன். நீங்கள் கேட்கவில்லை என்று தெரிந்துதான் பேனாவைத் தேடி எடுத்தேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் வீடியோ கேம் கிளப்பில் அவர் நாற்காலியில் இதுவரை யாரும் உட்காரவில்லை. ஆனால் புதுப் பருவம் தொடங்கிவிட்டது. இந்த வருடம் எந்தெந்த உயிரினங்களைச் சண்டைக்குக் கொண்டுவரலாம் என்ற பட்டியலும் வந்துவிட்டது. போன பருவத்தில் எல்லோரும் தூக்கிக்கொண்டு திரிந்த அந்தத் தீப்பறவைக்கு அனுமதி இல்லை. பழைய அணிகளை எல்லாம் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு கிளப் போட்டிக்குப் போகமுடியாது. எனவே நான்காவது ஆளாக நம் பல் டாக்டரைச் சேர்த்திருக்கிறேன். கெட்டிக்காரர், பொறுமைசாலி.

உங்களிடம் கேட்பது இரண்டு. அண்ணனுடைய கேம் கருவியை அனுப்பிவையுங்கள். அவர் வளர்த்த உயிரினங்கள் அதற்குள் சும்மா தூங்குகின்றன. டாக்டருக்குப் பயன்படும். இன்னொன்று, ஞாயிறு மாலைகளில் டாக்டரோடு ஆன்லைனில் பயிற்சிக்கு ஆடவேண்டும். அண்ணனுக்கு எதிராளியாக இத்தனை வருடம் ஆடினீர்களே, அதேபோல. உங்களைப்போல் எதிராளியாக ஆட ஆள் கிடையாது அண்ணி. இதை நான் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

உங்கள்
தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பொறுத்துக்கொண்டேன். குரல் செய்திகளை நான் கேட்பதில்லை. நீங்கள் மாடி ஏறிக்கொண்டே பேசுகிறீர்கள், பாதி மூச்சு, பாதி செய்தி.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியைத் தூக்கி எறியுங்கள்.

கருவியை அனுப்பமாட்டேன். அதற்குள் யாரும் தூங்கவில்லை. தினமும் காலையில் ஆடுகிறேன்.

எதிராளி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் ஒவ்வொரு பருவமும் ஆறு உயிரினங்களைத் தேர்ந்து ஓர் அணி கட்டுவார். பிறகு, "இந்த வருஷம் எல்லாரும் பயப்படற அணி இது, இதை நீ எடுத்துக்கோ" என்று வேறொருவர் அணியை என் கையில் கொடுப்பார். நான் அந்த வேறொருவராக ஆடவேண்டும். சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எனக்குத் தோன்றியதை ஆடிவிட்டால் உடனே நிறுத்திவிடுவார். "அவன் அப்படி ஆடமாட்டான். உன் இஷ்டத்துக்கு ஆடாதே" என்பார். பதினோரு பருவம் அப்படிப் போயிற்று. எனக்கென்று ஓர் அணி இருந்ததே இல்லை. நான் கேட்டதும் இல்லை. அது எங்கள் இருவருக்கும் இடையில். அதில் எனக்குக் குறை கிடையாது.

ஆனால் அவருக்காகச் செய்ததை நான் பல் டாக்டருக்காகச் செய்யவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

நான்காவது நாற்காலி எனக்கு வேண்டும். தயவுசெய்து என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் படித்த கான்வென்டில் அதில்லாமல் எங்களைத் தண்ணீர்கூடக் கேட்கவிட்டதில்லை.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் ஓரகத்தியிடம் படித்துக்காட்டினேன். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

நாற்காலியை டாக்டருக்குக் கொடுத்தாகிவிட்டது. சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? அவர் கிளப்புக்காக இரண்டு மாதத்து விடுமுறை நாள்களை ஒதுக்கிவைத்திருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போட்டி நடக்கும் அரங்கத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஒரே இரைச்சல். ஒரு நாளில் ஏழு சுற்று. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, என் முதுகே முறிந்துவிடும். எதிரே இருப்பவர்கள் எல்லாம் பேரன் வயசுப் பிள்ளைகள். உங்களைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை கிண்டலாகச் சொன்னால் எனக்குத் தாங்காது. சொந்தக்காரர்களும் பேசுவார்கள். "வருஷம்கூட முடியல, அதுக்குள்ள கேம் ஆடக் கிளம்பிட்டாங்க" என்று பெரிய அக்கா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரோடு ஒரே ஒருமுறை ஆடினீர்கள் என்று கேள்விப்பட்டேன். நன்றி. ஆனால் எதிராளியாக ஆடுங்கள் என்றால் நீங்கள் ஏதோ சொந்தமாகக் கட்டிக்கொண்டு வந்து அவரை மூன்று ஆட்டத்திலும் அடித்துவிட்டீர்களாமே. ஊர் வாயை எல்லாம் திறக்கச் சொல்கிற மனுஷர், அன்றைக்கு முழுக்கத் தன் வாயைத் திறக்கவில்லை.

அந்த அணியை அவர் எனக்கு விவரித்தார். கேப்டன் என்ற முறையில் ஒன்று சொல்லட்டுமா? அது நம் கிளப்பை அடிப்பதற்கென்றே கட்டிய அணி. அண்ணனின் நிதானப் படைக்கு எதிராக நிற்கும். வேறு எவனிடம் போனாலும் மடமடவென்று சரிந்துவிடும். அணி கட்டுவது என்பது ஒருவரை ஜெயிப்பது இல்லை அண்ணி. முகம் தெரியாத ஏழு பேரைத் தாங்குவது. எதிராளியாகவே ஆடிப் பழகியவர்களுக்கு அந்தப் பார்வை வராது. உங்கள் குற்றமில்லை.

உங்கள்
தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் சொன்னது சரி. முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை எழுதமாட்டேன்.

என் அணியை உங்கள் அண்ணனை மனதில் வைத்துத்தான் கட்டியிருந்தேன். வேறு யாரோடு ஆடியிருக்கிறேன்? அவருடைய "கடிகாரம்" என்ற உயிரினம் களத்தில் இறங்கி ஆட்டத்தைத் தலைகீழாக்கும். அதன்பிறகு நான்கு முறைக்கு, மெதுவாக நகரும் உயிரினம்தான் முதலில் அடிக்கும். கூடவே அந்த "இரும்புப்பெட்டி" இறங்கும். நகரவே ஒரு யுகம் ஆகும், ஆனால் ஓர் அடி போதும். இந்த இரண்டையும் தடுப்பதற்கே என் ஆறில் நான்கைச் செலவழித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இரண்டைத் தூக்கிவிட்டு வேறு சேர்த்தேன். மூன்று நாள் ஆன்லைனில் முன்பின் தெரியாதவர்களிடம் தோற்றேன். மறுபடி ஒன்றை மாற்றினேன். இப்போது பாதிக்குப் பாதி ஜெயிக்கிறேன்.

எல்லாமே வேகமானவை. "ஊசி", "சுள்ளி", "மின்மினி" என்று பெயர் வைத்திருக்கிறேன். தொட்டால் உடைந்துவிடும், தொடுவதற்குள் அடித்துவிடும். என் வயதைப் பார்த்து எதிரே இருக்கும் பிள்ளைகள் நான் நிதானப் படைதான் கொண்டுவருவேன் என்று நினைக்கட்டும். அது எனக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாதகம்.

மற்றபடி, நாற்காலியை டாக்டரே வைத்துக்கொள்ளட்டும். சொன்ன சொல்லை மீறாதீர்கள். ஜூன் மாதத் தனிநபர் போட்டியில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அதற்கு எந்த கிளப்பும் வேண்டாம், கேப்டன் அனுமதியும் வேண்டாம்.

பெரிய அக்காவிடம் சொல்லுங்கள்: வருடம் முடிவதற்குள் நான் பல் தேய்க்கிறேன், தலை வாருகிறேன், வீட்டு வரி கட்டுகிறேன். இதையும் செய்கிறேன். அவர் வந்து பார்க்க விரும்பினால் பார்வையாளர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

கிண்டலைப் பற்றிக் கவலை வேண்டாம். முப்பது வருடம் மருத்துவமனை ஆய்வகத்தில் ஊசியோடு நின்றவள் நான். என்னிடம் கிண்டலாகப் பேசியவர்களின் கையில் எனக்கு நரம்பு கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

ஒத்தடம் கொடுத்தீர்களா இல்லையா?

அன்புடன்
அண்ணி


ஜூன் 22

அண்ணிக்கு,

முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நான் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

தனிநபர் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு யார் யாரோடு என்று குலுக்கிப் பலகையில் போட்டபோது என் பெயருக்கு எதிரே உங்கள் பெயர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆண்டவன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். நீங்கள் மூன்று வெற்றி, மூன்று தோல்வி. ஜெயித்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, தோற்றாலும் ஒன்றும் போகாது. எனக்கு ஐந்து வெற்றி. இன்னும் ஒன்று இருந்தால் முதல் எட்டுப் பேரில் நான். மறுநாள் மேடையில், விளக்கு வெளிச்சத்தில். அண்ணன் அங்கே மூன்று முறை உட்கார்ந்திருக்கிறார். நான் ஒருமுறைகூட இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

இப்படி நேரும்போது சொந்தக்காரர்கள், ஒரே கிளப்காரர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். விதியும் அனுமதிக்கிறது. நான் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் குனிந்து மெதுவாகத்தான் கேட்டேன். "அண்ணி, உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. எனக்கு விட்டுக் குடுத்துடுங்க" என்றேன்.

நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உட்காருங்க தம்பி, முதுகு வலிக்கும்" என்றீர்கள். நடுவர் சிரித்தார். பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள்.

அப்புறம் அடித்தீர்கள். இரண்டு ஆட்டமும். நான் ஒன்பதாவது இடம். எட்டாவது இடத்துக்குப் போனவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

அண்ணன் இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டீர்கள். அவரே விட்டுக்கொடுக்கச் சொல்லியிருப்பார்.

தம்பி


ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கோபத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, நீங்கள் உங்கள் வயதை எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

ஆனாலும் உங்களை ஜெயித்ததற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் பொய்யாகிவிடும்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்றீர்கள். எனக்கு அதில் எல்லாமே இருந்தது. காலையில் இரண்டு சுற்று வரிசையாகத் தோற்றேன். மூன்றாவதில் எதிரே வந்த பெண், "பாட்டி, பட்டன் தெரியுதா?" என்று கேட்டாள். அவளை ஜெயித்தேன். நான்காவதில் தோற்றேன். அடுத்த இரண்டில் ஜெயித்தேன். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் நான்குக்கு மூன்று. தோற்றதைவிட ஜெயித்தது அதிகம் என்று வீட்டுக்குப் போகலாம். என் கையால் கட்டிய என் அணியோடு, என் பெயரில். பதினோரு பருவம் மற்றவர்களாக ஆடியவளுக்கு அது எவ்வளவு என்று அந்தப் பலகை சொல்லாது.

விட்டுக்கொடுத்திருந்தால் நீங்கள் மேடைக்குப் போயிருப்பீர்கள். அங்கே உட்கார்ந்திருந்தது என் தயவாக இருந்திருக்கும். அதை நீங்கள் மறந்தாலும் பெரிய அக்கா மறக்கவிடமாட்டார்.

உங்கள் அண்ணன் விட்டுக்கொடுக்கச் சொல்லியிருப்பார் என்று எழுதினீர்கள். இதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் அவரை இழுத்துவிட்டதால் சொல்கிறேன். நீங்களும் அவரும் ஒரே போட்டிக்குப் போன ஒவ்வொரு வருடமும், அதற்கு முந்தின வாரம் முழுவதும் நான் நீங்களாக ஆடினேன். உங்கள் அணி, உங்கள் வழக்கம், உங்கள் பயம். "தம்பி மாதிரி ஆடு" என்பார். அவர் உங்களுக்கு ஒருபோதும் விட்டுக்கொடுக்கத் தயாரானதில்லை. உங்களைத் தோற்கடிக்கவே தயாரானார். உங்களை அவ்வளவு மதித்தார்.

அதனால்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் உங்கள் அண்ணனைப்போல் அதே நிதானப் படைதான். தலைகீழ் நிலை நான்கு முறை நீடிக்கும். நான்காவது முறை வரும்போது உங்களுக்குத் துணிச்சல் போய்விடும். உங்கள் இரும்புப்பெட்டி ஓர் அடி அடித்தால் ஆட்டம் முடிந்துவிடும், ஆனாலும் நீங்கள் அடிக்காமல், அந்த ஒரு முறைக்கு எந்த அடியும் படாதபடி அதற்குக் காப்புப் போட்டு மூடிவைப்பீர்கள். நான் அந்த நேரத்தில் காப்பின் மேல் அடித்து வீணாக்கவில்லை. ஊசியின் பலத்தை ஏற்றிக்கொண்டேன். அடுத்த முறை தலைகீழ் முடிந்து வேகமானவை முதலில் நகர்ந்தன. அவ்வளவுதான். இரண்டு ஆட்டத்திலும் அதேதான்.

நீங்களாக ஆடிய ஒரு மாலை, நான் என் இஷ்டத்துக்கு அந்த நான்காவது முறை காப்புப் போடாமல் அடித்தேன். உங்கள் அண்ணன் தோற்றார். "அவன் அப்படி ஆடமாட்டான்" என்று சொல்லிவிட்டு, அந்த ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு, "ஆடினான்னா எனக்குக் கஷ்டம்" என்றார்.

அந்த நான்காவது அடியை அடியுங்கள் தம்பி. இதை நான் தயவாகச் சொல்லவில்லை. அடுத்த முறை நம்மை மறுபடி எதிரெதிரே போட்டால் எனக்கு அது கஷ்டம்தான். தெரிந்தே சொல்கிறேன்.

பல் டாக்டர் எழுதியிருந்தார். அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்துவிடுவதாக நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்களாம். வேண்டாம். அவர் உட்காரட்டும். எனக்குத் தனியாக ஆடுவது பிடித்துவிட்டது.

செப்டம்பர் போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். பட்டியல் மறுபடி மாறுகிறதாம், சுள்ளிக்கு அனுமதி போய்விடும். நல்லது, அது எப்போதும் கொஞ்சம் அவசரக்காரி. புதிதாக ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். எது என்று சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு மதிய இடைவேளையில் நீங்கள் உங்கள் கிளப்காரர்களோடு போய்விட்டீர்கள். நான் ஜன்னல் ஓரம் ஒரு மேசையில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் அத்தனை பேர், அத்தனை இரைச்சல். சாப்பாடு இறங்கவில்லை. அப்படியே மூடி எடுத்துவந்துவிட்டேன். ஆடுவதற்கு எனக்கு யாரும் துணை வேண்டாம். சாப்பிடத்தான் துணை வேண்டும். செப்டம்பரில் இருவருக்கும் சேர்த்தே கொண்டுவருகிறேன். முதுகு சாய்த்து உட்காரும் நாற்காலியாகப் பார்த்து, எனக்கு முன்னால் போய் இடம் பிடித்துவையுங்கள்.

தயவுசெய்து.

அண்ணி