கிட்டங்கியில் நின்றுபோன சத்தம்

அண்ணி,

இன்று காலை அரிசி எடுக்கக் கிட்டங்கிக்கு இறங்கினேன். மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டேன். சத்தம் இல்லை.

உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கடைக்கு அடியில் இருக்கும் அந்த அறையின் பின்சுவர் மலையோடு ஒட்டியது. மழை பிடித்தால் சுவர் ஊறும். ஊறுகிற தண்ணீர் சுவரோரக் கானில் ஓடி, மூலையிலுள்ள ஓட்டை வழியாகத் தெருவுக்குப் போகும். சளசளவென்று மெல்லிய ஓசை. அப்பா இந்தப் பழைய வீட்டை வாங்கியபோதே அது இருந்ததாம். ஹட்டனில் ஐந்து நாளாக மழை விடவில்லை. ஓடாமல் இருக்க வழியே இல்லை.

ஓத வாடை மட்டும் வந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் உங்கள் சேலையில் வீசிய அதே வாடை.

நீங்கள் கல்யாணமாகி வந்த வருஷம்தான் அடிவரிசை மூட்டைகள் நனைந்து பூசணம் பிடித்தன. "இத்தன வருஷத்துல ஒரு மூட்ட நனைஞ்சதில்ல. இவ கால வெச்சா, தண்ணி நிக்குது" என்று அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அண்ணன் தலை குனிந்தபடி சாப்பிட்டு எழுந்து போவார். நீங்கள் தினமும் இறங்கி, தரையைச் சாக்கால் ஒற்றி, வாளியில் பிழிந்து மேலே தூக்கி வந்தீர்கள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்பேன்.

"என்ன நாத்தனாரே, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா? எதாச்சும் பேசேன்" என்பீர்கள்.

நான் விளக்கை இன்னும் உயர்த்திப் பிடிப்பேன். அந்த ஓட்டைக்குள் ஒரு பாம்பின் வால் நுழைந்து மறைந்ததை நான் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அரிசி அளந்து எடுத்து வருவதை என் வேலையாக்கியிருந்தார்கள். சொன்னால் சிரிப்பார்கள் என்று, கிழிந்துபோன என் பச்சைத் தாவணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்திருந்தேன். தண்ணீர் தேங்கியதும் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. பிடுங்கப் போனால் பாம்பு. சொல்லப் போனால் அம்மா. ஒரு நாள் தள்ளினேன், மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் நீங்களே மூலையில் கைவிட்டு இழுத்தீர்கள். சேற்றில் ஊறியும் பச்சை தெரிந்தது. தண்ணீர் சளசளவென்று இறங்கியது. என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"இன்னும் முடியலயா?" என்று மேலிருந்து அம்மா கேட்டார்கள்.

"முடிஞ்சிருச்சுங்க அத்தை."

தரை காய்ந்தது. அந்த வாரம் பூசணிக்காய் சுற்றி உடைத்ததால்தான் காய்ந்தது என்று அம்மா சொன்னார்கள். பழி உங்கள் காலிலேயே நின்றது. பாம்பைப் பார்த்ததை உங்களிடம் மட்டும் சொன்னேன். நீங்கள் தாவணியைத் துவைத்து மடித்து என்னிடம் தந்துவிட்டு, ஓட்டை போட்ட ஒரு தகரத்தைக் கானின் வாயில் பொருத்தினீர்கள். "இனி பாம்பு வராது."

"அம்மாகிட்ட சொல்லிரவாங்க அண்ணி?"

"ஒனக்கு எப்ப சொல்லத் தோணுதோ, அப்பச் சொல்லு."

தோன்றிக்கொண்டேதான் இருந்தது, அண்ணி. மறுவருஷம் பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. "வந்தப்பவே கால் சரியில்ல" என்று சாவு வீட்டிலும் அம்மா சொன்னார்கள். அப்போதும் நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது அண்ணனுக்கு ராகலையில் வேறு பெண் எடுத்திருக்கிறார்கள். இந்த மழையில் மூட்டைகள் மறுபடி நனைந்தன. "இவளும் அதே கால்தான்" என்றார்கள் அம்மா. "ஓதம் காயிற வரைக்கும் அவ ஆத்தா வீட்ல இருக்கட்டும்." காய்ந்த பிறகும் கூப்பிட மாட்டார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்று பஸ். புது அண்ணியின் பெட்டி விடிந்ததுமே வாசலுக்கு வந்துவிட்டது. கிட்டங்கியில் அவர் கால் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால்தான் அரிசிக்கு நான் இறங்கினேன்.

விளக்கைப் படியில் வைத்தேன். தண்ணீர் கணுக்கால் வரை குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூலையில் கையை விட்டேன். உங்கள் தகரத்தில் இலையும் மண்ணும் கெட்டியாக அப்பியிருந்தன. விரல்களால் தோண்டினேன். கையில் ஏதோ வழுக்கியது, வேர்தான். ஒரு பிடி, இன்னொரு பிடி. சத்தம் வந்தது.

கையில் ஒரு பிடி சேற்றோடு மேலே வந்து, என் பெட்டியின் அடியிலிருந்து பச்சைத் தாவணியை எடுத்தேன். புது அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பெட்டியைத் தூக்கியிருந்தார். அம்மாவின் முன்னால் அந்தச் சேற்றைத் தரையில் வைத்தேன், பக்கத்தில் தாவணியை வைத்தேன்.

"கான் அடைச்சிருந்துச்சும்மா. மொத தடவ அடைச்சது நான்தான்" என்றேன்.