நாலுக்கு ஒன்றில் இருந்தபோது

பெரும்பாக்கம்,
14.7.2025

கயல்,

உன் எண்ணைப் போனில் பிளாக் செய்துவிட்டேன். பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேற்று மாநில டென்னிஸ் இறுதியாட்டத்தில் முதல் செட்டை ஆறுக்கு மூன்று என்று எடுத்தேன். இரண்டாவதில் நாலுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தேன். பக்கம் மாறும்போது, எதிரே ஆடிய உன் ஜெயஸ்ரீ தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா வாசல்ல தகராறு பண்றாராம். செக்யூரிட்டி புடிச்சு வச்சிருக்காங்க. போய்ப் பாக்கலையா?"

அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு சர்வுக்கு முன்னாலும் கண் வாசலுக்குப் போனது. எட்டு டபுள் ஃபால்ட். நாலுக்கு ஆறு, ஒன்றுக்கு ஆறு. முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். செக்யூரிட்டியைத் தவிர அங்கே யாரும் இல்லை.

என் பதினான்கு வயதில், நாம் இரண்டு பேர் மட்டும் இருந்த கோர்ட்டுக்குள் அப்பா குடித்துவிட்டு வந்து விழுந்ததும், அன்றிலிருந்து வாசல் பக்கம் சத்தம் கேட்டாலே என் கை நடுங்குவதும் இந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். எட்டு வருடம் என்னோடு இரட்டையர் ஆடியவளுக்கு.

தோற்றதற்காக எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "நீ கிரவுண்டாண்ட வந்தியா? குடிச்சியா?" என்று கேட்டுவிட்டேன். பதினாறு மாதமாக ஒரு சொட்டு தொடாத மனுஷன். ஆட்டோ ஓட்டிவிட்டு வரும்போது எனக்காகக் கோழி வாங்கி வந்து சமைத்து வைத்திருந்தார். "நீயும் நம்பலையா பாப்பா" என்றார். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

எதிராளிகளைப் பற்றிக் குறித்து வைக்கும் உன் நோட்டில் இதைச் சரிசெய்யவும் ஏதாவது வழி எழுதி வைத்திருக்கிறாயா?

தமிழ்நிலா

தரமணி,
19.7.2025

அன்புள்ள நிலாவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் 'அன்புள்ள' என்றுதான் எழுதுவேன்.

எதிராளியின் மனசைப் படித்து ஜெயஸ்ரீக்குச் சொல்வது இப்போது என் வேலை. முன்னால் இருக்கும்போது நீ அவசரப்படுவாய், அப்போது ஆட்டத்தை மெதுவாக்கு என்று அவளிடம் சொன்னேன். உன் இரண்டாவது சர்வ் பேக்ஹேண்டுக்குத்தான் வரும் என்றேன். ஒரு பாயிண்ட் போனதும் நீ திரும்பி நின்று மூச்சை இழுத்து விட்டுவிட்டால் அப்புறம் உன்னை அசைக்க முடியாது, அதற்கு இடம் கொடுக்காதே என்றேன். "அவ எதுக்குப் பயப்படுவா?" என்று ஜெயஸ்ரீ கேட்டாள். உன் அப்பா கதையைச் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. அவள் அதை வைத்து என்ன செய்வாள் என்று தெரியாதா என்று கேட்பாய். தெரியும்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாளே வேறு ஒருத்தியோடு ஜோடி சேர்ந்து ஆடினாய். அதைப் பேப்பரில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். கால் போனதைவிட அதுதான் வலித்தது.

கயல்

பெரும்பாக்கம்,
24.7.2025

கயல்,

வரவில்லை. உண்மைதான். உன் காலைப் பார்த்தால் என் காலும் போய்விடும் போலப் பயமாக இருந்தது. கோழைத்தனம். அதற்கு நீ என் கன்னத்தில் அறைந்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். நீ எங்கப்பாவை அறைந்தாய்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி கோபாலபுரத்தில் லீக் ஆட்டம். மறுபடியும் ஜெயஸ்ரீதான். அப்பாவைக் கூட்டி வருகிறேன். "நான் வந்தா உனுக்குக் கை ஒதறும், வேணாம் பாப்பா" என்கிறார். இழுத்துக்கொண்டாவது வருவேன். தைரியம் இருந்தால் நீயும் வந்து அவர் முகத்தைப் பார்.

தமிழ்நிலா

தரமணி,
3.8.2025

நிலா,

வந்தேன். உன் அப்பா என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். "கால் எப்டி கீதும்மா? நீ வந்துட்ட இல்ல, இனிமே அவ தெகிரியமா ஆடுவா" என்றார். நீ அவரிடம் என் பெயரைச் சொல்லவேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் செட் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அவர் குடித்த கதையை ஜெயஸ்ரீயிடம் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "இன்னும் எத்தினி பேராண்ட சொல்லிக்கீற?" என்று மட்டும் கேட்டார். ஜெயஸ்ரீ ஒருத்திதான் என்றேன். தலையை ஆட்டினார். எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார். உன் ஆட்டம் முடிவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

ஜெயஸ்ரீயிடம் இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிடு.

உன் கயல்

பெரும்பாக்கம்,
9.8.2025

கயல்,

தோற்றுவிட்டேன். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஏழு. பக்கம் மாறும்போது ஜெயஸ்ரீ மறுபடியும் என்னவோ சொல்ல வந்தாள். "வாய மூடிக்கினு ஆடு" என்றேன். ஆடினாள். அன்று அவளுடைய ஃபோர்ஹேண்ட் என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அப்பாவும் நானும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். இப்படித் தோற்றால் சோறு இறங்குகிறது.

நீ சொன்னதை அவர் என்னிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு நானே கேட்டேன். "அந்தப் பொண்ணு தானா வந்து சொல்லிச்சு. வுடு" என்றார்.

அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

எட்டு வருடத்தில் உன்னிடம் நான் சொன்னவை இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை யாரிடமும் சொல்லாமல் இரு. உன்னிடம் இனி நான் கேட்பது அது ஒன்றுதான். பதில் எழுத வேண்டாம்.

தமிழ்நிலா