பொரிக்காத ரோல்ஸ்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் பெயர் சொல்ல வாய் வருமா? ஆனால் இன்றைக்குக் கொஞ்ச வரவில்லை, சண்டை பிடிக்க வந்திருக்கிறேன். எழும்பி வந்து குறுக்கே பேச உங்களால் முடியாது. முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் நல்ல செய்தி. விட்பி நகரம் தாண்டி ரோட்டோரத்தில் இருக்கிற, உங்களுக்குப் பிடித்த அந்தக் கடலுணவுக் கடையைக் கோடைக்குத் திறந்துவிட்டார்கள். முதல்தரம் போனது நினைவிருக்கிறதா? பலகையில் 'லொப்ஸ்ரர் ரோல்' என்று கண்டதும், சிங்க இறால் வைத்துப் பொரித்த நம்முடைய ரோல்ஸ்தான் என்று நீங்களே முடிவுகட்டி, மொறுமொறுவென்று இருக்கும் என்று மகளுக்கும் ஆசை காட்டினீர்கள். வெயிலில் நின்று வாங்கினால், கையில் வந்தது குளிர்ந்த இறால் திணித்த ஒரு மெத்தென்ற பணிஸ் ரொட்டி. "யூ ஃபொகொட் டு ஃப்ரை" என்று அந்தக் கடைக்காரப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்கப் போனீர்கள். மகள் வெட்கத்தில் காருக்குள் ஒளிந்துகொண்டாள்.

பிறகு அதில் உறைப்பான கட்டைச்சம்பல் தூவிச் சாப்பிடப் பழகி, கோடை வந்தால் உங்களைப் பிடித்து வைக்க முடியாமல் போனது. அந்தச் சம்பல் போத்தல் இன்னும் காருக்குள்தான் கிடக்கிறது. நீங்கள் போன எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவுக்குக் கணவாயும் நண்டும் கருவாடும் சமைத்துப் படைத்தோம். பனிக்காலம், கடை பூட்டு. இந்த ரோல் ஒன்றைத்தான் வைக்க முடியவில்லை.

இனிச் சண்டை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, நான் முதன்முதலாக மீன் வாங்கிவந்து வெட்டிக்கொண்டு நின்றபோது உங்கள் தங்கச்சி லீலா வந்தாள்.

"மச்சாள், இனி உந்த மீன் மச்சத்தை விட்டிடுங்கோ. அண்ணைக்குப் புண்ணியம்."

"உதை ஆர் சொன்னது?"

"என்ரை மனுசன் செத்தாப்பிறகு அண்ணைதான் எனக்குச் சொன்னவர். அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லுறன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது நாற்பது வயதுகூட ஆகாதவளிடம் அதைச் சொன்னது நீங்களா? எங்கள் வீட்டில் மீன் சமைக்கிற நாளில் அவள் வந்தால் அவளுக்கென்று தனிச்சட்டி வைத்தேன். அவளாக விரும்பிச் சைவமானாள், பக்திக்காரி என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீங்கள் அவளுக்கு முன்னால் இருந்து நண்டுக்கால் உடைத்தீர்களே, அந்தச் சோறு எப்படி இறங்கியது? சனம் கதைக்கும் என்று பயந்தீர்களா? அல்லது அதுதான் சரி என்று உண்மையாகவே நம்பினீர்களா?

போன சனிக்கிழமை மகளைக் கார் எடுக்கச் சொன்னேன். அஜின்கோர்ட்டில் லீலாவின் வீட்டு வாசலில் நின்று ஹோர்ன் அடித்தோம். கோயிலுக்கு என்று நினைத்து அவள் பட்டுச் சீலையோடு வந்து ஏறினாள். நான் திருத்தவில்லை.

"அம்மா, ஆர் யூ ஷுவர்?" என்றாள் மகள்.

"ரோட்டைப் பார்த்துக் காரை ஓடு பிள்ளை."

கடையைக் கண்டதும் லீலாவுக்கு விளங்கிவிட்டது. "எனக்கு வேண்டாம் மச்சாள். ஆரும் கண்டால்?" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

"காணட்டும். வேண்டாமெண்டால் தின்ன வேண்டாம். வந்து பக்கத்திலை நில்லும்."

வந்து நின்றாள். இந்த ஊரில் எந்த வரிசையில்தான் எங்கள் சனம் இல்லை? பின்னுக்கு நின்ற, லீலாவைத் தெரிந்த ஒருவர் தலையை நீட்டினார். "என்ன அன்ரி, நீங்கள் சைவமெல்லோ?"

லீலா தலையைக் குனிந்தாள். எனக்கு ஏறியது பாருங்கள்!

"தம்பி, அவ சைவமில்லை. அவவைச் சைவமாக்கினது. இவ்வளவு காலமும் ஒருத்தரும் அவவிட்டை என்ன வேணுமெண்டு கேக்கேல்லை. நீர் கேக்கிறதெண்டால் அதைக் கேளும்."

மனிதர் போனைப் பார்க்கத் தொடங்கினார். நான் லீலாவைப் பார்த்தேன். நானும் கேட்டதில்லையே. "உமக்கு என்ன வேணும், லீலா?" என்றேன். அவள் பலகையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தானே கடைக் கண்ணாடிக்கு முன்னால் போய், ஒரு விரலை நீட்டி, "வன்" என்றாள்.

மர வாங்கில் உட்கார்ந்து முதல் கடி கடித்தாள். மென்றாள். முகம் சுருங்கியது.

"உது பொரிக்கேல்லையோ?"

அச்சு அசல் உங்கள் குரல்! நானும் மகளும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் இல்லாதது அந்த நேரம் வலித்தமாதிரி செத்தவீட்டில்கூட வலிக்கவில்லை. லீலா மட்டும் கவனம் சிதறாமல், "அண்ணையின்ரை சம்பல் போத்தல் கிடக்கே?" என்று கையை நீட்டினாள். தாளில் ஒட்டியதையும் வழித்துத்தான் எழும்பினாள்.

பனிக்காலம் வந்தால் உங்கள் ஆண்டுத் திவசம். ஐயர் சொல்வது எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்வேன். உங்கள் மேல் எனக்குள்ள ஆசையும் குறையாது, இந்தக் கோபமும் குறையாது. ஆனால் ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன். அந்தத் தனிச்சட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை என் வீட்டில் லீலாவிடம் கேட்டுவிட்டுத்தான் உலை வைப்பேன்.

இப்படிக்கு,
இன்னமும் மச்சம் தின்கிற
உங்கள் மனுசி